ஒருதரம் அமத்தினா ரெண்டு கிளிக் விழுதா? மவுஸை எறிய முதல் இதைப் பாருங்க!

[மவுஸ் மேல ஒரு விரல். ஒரே ஒரு 'டிக்'. ஸ்கிரீன்ல எண்: 2]

கேட்டீங்களா, ஒரு டிக்தான். ஆனா ஸ்கிரீன்ல பாருங்க, ரெண்டு!

வணக்கம் மக்கள், திருகோணமலையில இருந்து கதைக்கிறன். உப்புவெளியில எங்கட பெரியம்மாட மகள், அக்கா, வீட்டு முன் அறையில போட்டோகொப்பி, பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறா. போன மாசம் கோல் எடுத்து, "தம்பி, பிரிண்டருக்குப் பேய் பிடிச்சிட்டுதடா, ரெண்டு கொப்பி கேட்டா மூண்டு வருது" எண்டா. பிரிண்டர் ட்ரைவரை அழிச்சுப் போட்டாச்சு, கேபிள் மாத்தியாச்சு, பேப்பர் வீணாப் போனதுதான் மிச்சம். நான் போய்ப் பக்கத்தில இருந்து பாக்கிறன், கொப்பி எண்ணிக்கையைக் கூட்டுற அந்தச் சின்ன அம்புக்குறியை அக்கா ஒருதரம் அமத்துறா, 1 அப்பிடியே 3 ஆகுது. நடுவில 2 எங்க போச்சு? அங்கதான் பிடிபட்டுது. பிரிண்டர்ல ஒரு பிழையும் இல்ல, குற்றவாளி மவுஸ்.

உங்களுக்கும் ஒரு விண்டோவை மூடினா பின்னுக்கு இருக்கிற விண்டோவும் சேர்ந்து மூடுதா, ஃபைலை இழுத்துக்கொண்டு போகேக்க பாதி வழியில விழுந்து போகுதா? அப்ப இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

மவுஸ் வரலாறு ஒரு வரியில: 1964ல அமெரிக்காவில டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்லிஷும் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அதில ஒரே ஒரு பட்டன். முடிஞ்சுது, விஷயத்துக்கு வருவம்.

கழட்ட முதல் இது உண்மையா மவுஸ்ட பிழைதானா எண்டு பாக்கவேணும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஒப்ஷன்ஸ்ல ஒரு கிளிக்கில ஃபைல் திறக்கிற மாதிரி யாரும் செட்டிங் மாத்தி வச்சிருக்கிறாங்களா எண்டு முதல் பாருங்க, வீட்டில சின்னப் பிள்ளைகள் இருந்தா இது நடக்கும். வயர்லெஸ் எண்டா புது பெட்டரி போடுங்க. வேற கம்ப்யூட்டர்ல குத்திப் பாருங்க. இதுக்கெல்லாம் மேல எனக்குப் பிடிச்ச டெஸ்ட் ஒண்டு இருக்கு: விண்டோஸ் செட்டிங்ஸ்ல மவுஸ் பகுதிக்குப் போய் பிரைமரி பட்டனை இடதில இருந்து வலதுக்கு மாத்துங்க, மாத்திப்போட்டு ஒரு அரை மணித்தியாலம் வலது பட்டனால வேலை செய்யுங்க. பிரச்சினை காணாமப் போச்சா? அப்ப விண்டோஸ்லயும் பிழை இல்ல, கேபிள்லயும் பிழை இல்ல, இடது பட்டனுக்குக் கீழ இருக்கிற அந்தச் சின்ன சுவிச்தான். காசு செலவில்லாம பிடிச்சாச்சு!

சரி, அந்த சுவிச்சுக்கு என்ன நடந்தது? இந்த இடத்தைத் தள்ளி விட்டிட்டுப் போகாதீங்க, இதுதான் எனக்கு இந்த வீடியோவிலயே பிடிச்ச இடம்.

[படம்: ஜெட்டி, டயர், லோஞ்ச்]

முந்தி இங்க இருந்து மூதூருக்கு லோஞ்ச்ல, அதாவது மோட்டர் படகில, போய் வந்தவங்களுக்கு இது உடன விளங்கும். லோஞ்ச் ஜெட்டிக்குக் கிட்ட வருது, வந்த வேகத்தில டயர்ல டொம் எண்டு முட்டுது. முட்டின உடன நிக்குமா? நிக்காது. கொஞ்சம் விலகும், திரும்ப வந்து டொம், இன்னும் கொஞ்சம் விலகும், டொம், அதுக்குப் பிறகுதான் அணைஞ்சு நிக்கும். இப்ப ஜெட்டியில ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார் எண்டு நினையுங்க, லோஞ்ச் வந்தா கொப்பியில ஒரு கோடு போடுறதுதான் அவருக்கு வேலை, அவருக்குத் தெரியிறது அந்த டொம் சத்தம் மட்டும்தான். வந்தது ஒரு லோஞ்ச், அவர் போட்டது மூண்டு கோடு!

உங்கட மவுஸ்லயும் இதுதான் நடக்குது. உள்ளுக்கு ஒரு மெல்லிய தகடு, நீங்க அமத்தினா அது பாய்ஞ்சு போய் மற்ற உலோகத்தில முட்டும், முட்டித் துள்ளும், திரும்ப முட்டும். புது மவுஸ்லயும் துள்ளும், கவனியுங்க! இதுக்கு இங்கிலிஷ்ல பவுன்ஸ் எண்டு பேர். அப்ப ஏன் புது மவுஸ் ரெண்டு கிளிக் குடுக்கிறதில்ல? ஏனெண்டா மவுஸுக்குள்ள இருக்கிற சிப் கெட்டிக்கார ஆள், முதல் டொம் கேட்டதும் ஒரு கோடு போட்டிட்டு சில மில்லிசெக்கனுக்குக் காதைப் பொத்திக்கொண்டிடும். அந்தக் காது பொத்துறதுதான் டிபவுன்ஸ்.

இனித்தான் கதை. ஜெட்டியில கட்டின கயிறு தளர்ந்து போச்சு எண்டு வைங்க. லோஞ்ச் வந்து முட்டி, அவர் காதைப் பொத்தி, கையை எடுத்த பிறகும் லோஞ்ச் ஆடி ஆடி விலகி இன்னொருதரம் முட்டுது. அவர் பாவம், அடுத்த லோஞ்ச் எண்டு நினைச்சு இன்னொரு கோடு போடுறார். தகடு இழுவை இழந்தாலும், முட்டுற இடத்தில கறுப்புப் படிஞ்சாலும் இதேதான், சிப்புக்குத் தொடர்பு விட்டு விட்டுத் தெரியும். ஃபைல் இழுக்கேக்க நடுவழியில விழுறதும் அதால தான், ஆக்கள் ஏறிக்கொண்டு இருக்கேக்க லோஞ்ச் ஜெட்டியை விட்டு விலகின மாதிரி!

சரியா விளங்கிச்சா? விளங்கினா ஒரு லைக் போடுங்க, இந்த உதாரணத்துக்காக ஜெட்டியில ஒரு பின்னேரம் முழுக்க நிண்டிருக்கிறன்.

இந்தத் தகடு சுவிச் மவுஸுக்கெண்டு வந்த சாமான் இல்ல, 1932ல பீட்டர் மக்கோல் எண்ட அமெரிக்கர் கண்டுபிடிச்சது. உங்கட குசினியில இருக்கிற சாதாரண ரைஸ் குக்கர் பலதுக்குள்ளயும் இதே குடும்பத்து சுவிச் ஒண்டு இருக்கு, சோறு வெந்ததும் டக் எண்டு விழுதே, அங்க. ஆனா ரைஸ் குக்கர்ல பெரிய கரண்ட் ஓடும், தொடுற நேரம் வாற சின்னப் பொறி மேல இருக்கிற அழுக்கை எரிச்சுப்போடும். மவுஸ்ல ஓடுறது அவ்வளவு சின்ன கரண்ட், அழுக்கை எரிக்க அதுக்குச் சக்தி இல்ல. ரெண்டு கோடி கிளிக் தாங்கும் எண்டு போட்ட சுவிச், ஒரு நாளைக்கு 5000 கிளிக் எண்டு பாத்தாலும் பத்து வருசத்துக்கு மேல நிக்கவேணும், ஆனா ரெண்டு வருசத்தில மக்கர் பண்ணுதெண்டா ஒரு முக்கியமான காரணம் இது. அதுக்கு மேல எங்கட ஊர் கடக்காத்து. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறதையும் வெள்ளிக் கொலுசு கறுக்கிறதையும் பாத்து வளந்த நாங்கள், மவுஸுக்குள்ள இருக்கிற தகட்டைக் காத்து விட்டு வைக்கும் எண்டு நினைக்கேலாது.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லவேணும். கனபேர் விண்டோஸ்ல டபுள் கிளிக் ஸ்பீட் கோட்டை இழுத்து இழுத்துப் பாத்து நேரத்தைப் போக்குறாங்க. அது சரிவராது, ரெண்டு கிளிக் எவ்வளவு கெதியா வந்தா அதை டபுள் கிளிக் எண்டு எடுக்கிறதெண்டு மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கோட்டை எவ்வளவு வேகமா வச்சாலும் 200 மில்லிசெக்கனுக்குக் கீழ போகாது, பழுதான சுவிச் ரெண்டாவது கிளிக்கைப் போடுறது அதை விடக் கெதியா. சில கேமிங் மவுஸ்ட சொஃப்ட்வெயர்ல டிபவுன்ஸ் டைம் எண்டு ஒரு செட்டிங் இருக்கும், அதைக் கூட்டினா அது நல்ல உதவி.

இப்ப கழட்டுவம். வொரண்டி இருந்தா கழட்டாதீங்க, வாங்கின கடைக்குக் கொண்டு போங்க! வொரண்டி முடிஞ்சவங்க கேபிளை இழுங்க, பெட்டரியை எடுங்க. ஆணி தெரியாது, அடியில ஒட்டியிருக்கிற வழுக்குற காலுக்குக் கீழயோ ஸ்டிக்கருக்குக் கீழயோ ஒளிஞ்சிருக்கும். மூடியைத் தூக்கேக்க மெதுவா, உள்ளுக்கு ரிப்பன் கேபிள் இருந்தா அறுந்து போகும். இடது பட்டனுக்குக் கீழ 12.8 மில்லிமீற்றர் நீளத்தில ஒரு சின்னப் பெட்டி, மேல ஒரு குமிழ். அதுதான் ஆள்.

முதல் வைத்தியம், குமிழ் ஓரத்தில ஒரு சொட்டு ஐசோபுரோபைல் அல்கஹோல் அல்லது கொன்டாக்ட் கிளீனர் விட்டு நூறு தரம் அமத்தி, நல்லாக் காய விட்டுக் குத்துங்க. பாமசியில வாங்குற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேணாம், சிலதில ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், அது உள்ள போய்ப் படிஞ்சா இன்னும் மோசம். அக்காட மவுஸ் இதில சுகமாச்சு, ஆனா மூண்டு கிழமைதான், திரும்ப வந்திட்டுது.

சுவிச் மூடியை பிளேட்டால நெம்பித் தகட்ட நாக்கை வளைச்சு இழுவையைக் கூட்டுற வழியும் இருக்கு. வெள்ளைத் துணி விரிச்சு அதுக்கு மேல செய்யுங்க, அந்தக் குமிழ் அரிசி மாதிரி, விழுந்தா கிடைக்காது. உண்மையைச் சொன்னா எனக்கு இந்த வழி பிடிக்காது, கை கொஞ்சம் நடுங்கினாலும் தகடு போச்சு.

சோல்டரிங் அயன் இருந்தா சுவிச்சையே மாத்துங்க. புதுசு கிடைக்காட்டி கவலையே வேணாம், இதைத்தான் நான் அக்காவுக்குச் செய்தனான்: இடதையும் வலதையும் கழட்டி இடம் மாத்தினன். கனபேருக்கு வலது பட்டன்ல வேலை குறைவு, அந்த சுவிச் இன்னும் இளமையா இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரியா எண்டு மட்டும் பாருங்க, குமிழ் எந்தப் பக்கம் இருந்ததெண்டு கழட்ட முதல் ஃபோன்ல ஒரு படம் எடுங்க, மூண்டு காலையும் சூடாக்கி ஈயத்தை உறிஞ்சி எடுத்திட்டு இழுங்க, இழுக்க வராட்டி பலாத்காரம் பண்ணாதீங்க, போர்ட்ல இருக்கிற செம்புக்கோடு கிளம்பிடும்.

[அக்காட மேசை. மவுஸ் மேல அக்காட விரல், தொடர்ந்து டிக் டிக் டிக்]

இது நேற்றுப் பின்னேரம் எடுத்தது. அக்கா வாய்விட்டு எண்ணி எண்ணி நூறு தரம் அமத்துறா, ஸ்கிரீனைப் பாருங்க.

[ஸ்கிரீன்ல எண்: 100]