2147483647: இது பிரைம்னு பேனாவை வெச்சே நிரூபிச்ச கதை

மக்களே வணக்கம், இன்னைக்கு வீடியோ முழுக்க ஒரே ஒரு நம்பர் தான், இதோ நோட்ல பெருசா எழுதி வெச்சிருக்கேன் பாருங்க, 2147483647. நம்ம கணக்குல 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தியோரு ரெண்டை வரிசையா எழுதி பெருக்கி, வர்றதுல ஒண்ணு கழிச்சா இது வரும். ஸ்கூல்ல பகா எண்ணுன்னு படிச்சோமே, அந்த பிரைம் நம்பர்.

கோடிங் பண்றவங்க பார்த்ததுமே கண்டுபிடிச்சிருப்பீங்க, மைனஸும் வர்ற 32 பிட் இன்ட்ல, அதாவது கம்ப்யூட்டர் முழு எண்ணை வெக்கிற 32 பிட் இடத்துல, அடங்குற பெரிய நம்பரே இது தான். பழைய சிஸ்டம் நிறைய டைமை 1970 ஜனவரி 1-லேர்ந்து செகண்ட் செகண்டா எண்ணிட்டு வருது, அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 காலைல நம்ம டைம் 8:44:07-க்கு இதுல வந்து முட்டும், மாத்தாம விட்டா அடுத்த செகண்ட் தேதி 1901-க்கு போயிடும்.

ஆனா எனக்கு உயிரே வேற இடத்துல தாங்க. இதை பிரைம்னு நிரூபிச்சவர் கணித மேதை ஆய்லர், 1772-ல, ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்தப்ப. அப்ப அவருக்கு கண் பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சு! ஒவ்வொண்ணா வகுத்துப் பார்க்கணும்னா ஸ்கொயர் ரூட் வரைக்கும், அதாவது 46340 வரைக்கும் இருக்குற பிரைம் எல்லாத்தையும் போடணும், அதுவே நாலாயிரத்துக்கு மேல இருக்கு.

அவர் என்ன பண்ணாருன்னா, 31 பிரைமா இருக்குறதால, இந்த நம்பரை வகுக்குற எந்த பிரைமா இருந்தாலும் அதை 62-ஆல, அதாவது 31-ஓட ரெண்டு மடங்கால, வகுத்தா மீதி 1 தான் வரணும், 8-ஆல வகுத்தா மீதி 1 இல்ல 7 வரணும். இப்ப எழுதிப் பாருங்க, 63, 125, 187, 249... இதுல 125-க்கு மீதி 5, வெட்டு, 187-க்கு மீதி 3, அதையும் வெட்டு, இப்படியே பாதி போயிடும். கடைசில நிக்கிறது வெறும் 373 எண் தான், அதுல எதுவுமே மீதியில்லாம வகுக்கல.

அடுக்குல, அதாவது எத்தனை ரெண்டை பெருக்குறோமோ அந்த எண்ணிக்கைல, பிரைம் இருந்தா விடையும் பிரைம்னு மட்டும் நினைச்சிடாதீங்க. 31-க்கு பதிலா 23 போடுங்க, 8388607 வரும். இங்க 46-ஆல வகுத்தா மீதி 1 வரணும், அப்ப முதல் ஆளே 47, போட்டுப் பார்த்தா 47 பெருக்கல் 178481, அப்படியே உடைஞ்சிடுச்சு! நான் இதை நோட்ல போட்டுப் பார்த்தப்ப எழுந்து நின்னுட்டேன், உண்மையா சொல்றேன்.

2024-ல இதே வகைல கண்டுபிடிச்ச பிரைம்ல 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல இலக்கம் இருக்கு, அதுக்கு வேற டெஸ்ட், அது தனி வீடியோ.

இப்ப நீங்க 29 போட்டுப் பாருங்க, 536870911. 59-லேர்ந்து ஆரம்பிச்சு 58 58-ஆ கூட்டிட்டே போங்க, 8-ஆல வடிகட்டுங்க, 233 வரைக்கும் போனா போதும், என்ன ஆச்சுன்னு கமென்ட்ல போடுங்க.