லேத் வேலை: எதைக் கொடுக்கிறது, எதை வாங்கிக்கொள்கிறது

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "பிள்ளையை ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவிலோ மெஷினிஸ்ட் பிரிவிலோ சேர்க்கலாமா? அதில் பிழைப்பு உண்டா?" பிழைப்பு நிச்சயம் உண்டு. அது நல்ல பிழைப்பாக அமைவது மட்டும், முதல் நாலைந்து வருடம் எந்த இடத்தில் நின்று என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. இன்றைக்கு அதைத்தான் விரிவாகப் பேச வந்திருக்கிறேன்.

இரண்டுமே இரண்டு வருடப் படிப்புகள். டர்னருக்கு லேத், அதாவது கடைசல் மெஷின்தான் பிரதானம்: உருளையாக இருப்பதைக் கடைவது, துளையைப் பெரிதாக்குவது, மரை வெட்டுவது. மெஷினிஸ்ட் பிரிவில் லேத்தோடு மில்லிங், ஷேப்பிங், ஸ்லாட்டிங், கிரைண்டிங் எல்லாம் சேரும். வெளியில் வேலைக்குப் போனபின் இந்த எல்லை பெரும்பாலும் அழிந்துவிடும். சிறு பட்டறையில் ஒரே ஆள் எல்லா மெஷினிலும் நிற்பார்.

நம் பகுதியில் இந்த வேலை எப்படி வருகிறது என்பதற்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதுவயலில் ரைஸ்மில்கள் அதிகம். உமியில் சிலிக்கா நிறைய இருப்பதால் அது உப்புத்தாள் மாதிரி அரைக்கும். ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்தான் பேரிங். உமித்தூசி, தூசியைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டி பேரிங்குக்குள் போய்விட்டால், கிரீஸோடு கலந்து குண்டுகளைத் தின்னும். பேரிங் இறுகி நிற்கும்போது அதன் உள்வளையம் ஷாஃப்டின் மேலேயே சுற்ற ஆரம்பிக்கும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் ஷாஃப்ட் 40 மில்லிமீட்டர், அதற்கேற்ற பேரிங்கின் எண் 6208 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து 39.7 ஆகிவிட்டது. இனி எத்தனை புது பேரிங் போட்டாலும் நிற்காது. சிலர் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் சுற்றிலும் புள்ளி குத்தி இறுக்குவார்கள், சிலர் தகரத்தைச் சுற்றிச் செருகுவார்கள். அறுவடை நேரத்தில் இரண்டு நாள் மில் ஓட அது உதவும். அதற்குமேல் அதை நம்பக் கூடாது.

சரியான வழி, புது ஷாஃப்ட் கடைவது அல்லது பழையதை வெல்டு வைத்து ஏற்றிக் கடைவது. ஷாஃப்ட் பெரும்பாலும் ஈ.என். 8 என்கிற நடுத்தரக் கார்பன் உருக்காக இருக்கும். முதலில் தேய்ந்த இடத்தை 38 வரை கடைந்து, எண்ணெய் ஊறிய மேல்தோலையும் மயிரிழை விரிசலையும் எடுத்துவிட வேண்டும். பிறகு ஷாஃப்டை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஈரமில்லாமல் காயவைத்த 7018 வெல்டிங் ராடால் நீளவாக்கில் கோடு கோடாக வெல்டு வைக்க வேண்டும். ஒரு கோடு மேலே வைத்தால் அடுத்தது நேர் எதிர்ப்பக்கம். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனால் ஷாஃப்ட் அந்தப் பக்கமாக வளையும். சூடாக்காமல் வைத்தால் வெல்டின் ஓரத்தில் உருக்கு கடினமாகி, பளு விழுந்ததும் அங்கேதான் விரிசல் விடும். முடித்ததும் தண்ணீர் ஊற்றவே கூடாது. மில்லிலேயே கிடைக்கிற உமிச்சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடலாம். அதைவிட நல்ல போர்வை விலைக்கு வாங்கினாலும் கிடைக்காது.

ஆறியபின் ஷாஃப்டை லேத்தில் இரண்டு சென்டர் முனைகளுக்கு நடுவே ஏற்றி, டயல் கேஜ் வைத்து ஓட்டம், அதாவது சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். வெல்டின் மேல்தோலில் கசடும் கடினப் புள்ளிகளும் இருக்கும். அதன்மேல் கால் மில்லி, அரை மில்லி என்று பயந்து பயந்து வெட்டினால் டூலின் கார்பைடு முனை உடையும். வேகத்தைக் குறைத்து, தோலுக்கு அடியில் போகிற மாதிரி ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் முதல் வெட்டைப் போட வேண்டும். கடைசி வெட்டுக்கு விட்டத்தில் கால் மில்லி அளவு மிச்சம் வையுங்கள். 0.02 மட்டும் மிச்சம் வைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும். அளவும் கிடைக்காது, மினுமினுப்பும் வராது.

இப்போது அளவு. 6208 பேரிங் பிடிப்பாக உட்கார, ஷாஃப்ட் 40.002-க்கும் 40.018-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இடைவெளி 16 மைக்ரான், அதாவது 0.016 மில்லி. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். வெட்டி முடித்த கையோடு ஷாஃப்ட் சூடாக இருக்கும். அறையின் சூட்டைவிட 30 டிகிரி கூடுதல் என்று வைத்தால், 40 மில்லி உருக்கு ஏறக்குறைய 0.014 மில்லி பருத்திருக்கும். சூட்டோடு மைக்ரோமீட்டர் 40.012 காட்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 39.998. பேரிங் மறுபடி சுற்றும், மில்காரர் மறுமாதம் வந்து நிற்பார். பயத்தில் 40.05 வைத்தாலும் கெடுதல்தான். உள்வளையம் விரிந்து, குண்டுக்கும் வளையத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளி போய், பேரிங் சூடேறிச் செத்துவிடும்.

இன்னொன்று, ஷாஃப்டின் விட்டம் மாறும் இடத்தில் வரும் படி மூலை. கூர் முனை டூலால் அந்த மூலையைச் செங்கோணமாக வெட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முறிவு அங்கேதான் தொடங்கும். மூலையில் சின்ன வளைவு வேண்டும். அது பேரிங்கின் வளைவைவிடப் பெரிதாகவும் போகக் கூடாது. 6208-க்கு ஒரு மில்லிக்கு மேல் போனால் பேரிங் அந்தப் படியில் ஒட்டி உட்காராது. பிறகு சாவிப்பள்ளம், அதாவது புல்லி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவதற்குச் சாவி என்கிற இரும்புத் துண்டைச் செருகும் பள்ளம்: 40 மில்லி ஷாஃப்டுக்கு அகலம் 12, உயரம் 8 மில்லி சாவி, ஷாஃப்டில் ஆழம் 5 மில்லி.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரு வேலையில் வெல்டிங், உருக்கின் குணம், சூட்டின் கணக்கு, பேரிங், வரைபடம் என்று ஐந்து பாடம் இருக்கிறது. நம் ஊர் ரிப்பேர் பட்டறையில் வரும் வேலை ஒவ்வொன்றும் வேறு வேறு. காலையில் நீர்மூழ்கி மோட்டாரின் ஷாஃப்ட், மதியம் முறுக்கு மெஷினின் ஸ்டெயின்லெஸ் அச்சு, சாயங்காலம் நூறு வருட வீட்டு ஊஞ்சல் சங்கிலிக்குப் பித்தளை புஷ், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் சின்னக் குழல். பழைய மெஷின்களில் நூல் கணக்கு போல்ட்தான். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, நாலு நூல் அரை அங்குலம். நாலு நூல் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. 12 மில்லி விட்டமுள்ள எம் 12 போல்ட்டில் மரைக்கு மரை 1.75 மில்லி, கோணம் 60. எம் 12 போல்ட்டை நாலு நூல் நட்டில் விட்டால் ஓரிரு சுற்று ஏறுவதுபோல் ஏறி இறுகிவிடும். அதை ஸ்பானர் போட்டு முறுக்கி மரையைக் கெடுத்தபின்தான் பலர் பட்டறைக்கே வருகிறார்கள். இதையெல்லாம் மூன்று வருடம் பார்த்த பிள்ளைக்கு எந்தத் தொழிற்சாலையும் அந்நியமாக இருக்காது.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. மைக்ரோமீட்டருக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது, சிபாரிசும் செல்லாது. அளவு வந்தால் வந்தது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, இது நான் செய்தது, இதனால் ஒரு மில் ஓடுகிறது என்று சொல்லக்கூடிய வேலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஐம்பது வயதிலும் இந்தக் கைக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

சரி, அது வாங்கிக்கொள்வது என்ன?

முதலில் கூலி. ரிப்பேர் பட்டறையில் கற்பது அதிகம், சம்பளம் குறைவு. வாடிக்கையாளர் கண்ணுக்கு இரும்பின் எடைதான் தெரியும். "இத்தனூண்டு புஷ்ஷுக்கு இவ்வளவா?" என்பார். லேத்தில் பொருளைப் பிடிக்கும் நாலு தாடை சக்கில், அந்த புஷ் உட்காரும் பழைய ஹவுசிங்கை நேர் பார்த்துக் கட்டவே முக்கால் மணி நேரம் போனது அவருக்குத் தெரியாது. பட்டறைக்காரர்கள் இரும்பு விலை, மெஷின் நேரம், நேர் பார்த்த நேரம் என்று தனித்தனியாகச் சீட்டில் எழுதிக் கொடுக்கப் பழக வேண்டும். அறுவடை முடிந்த மாதங்களில் இரவு பகலாக வேலை, பிறகு சில வாரம் காற்று வாங்குவது. பாக்கி வசூல் தனிக்கதை. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளில் இ.எஸ்.ஐ. காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. கை போனால் அந்தக் குடும்பத்துக்கு ஆதரவு இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்து உடம்பு. எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்றால் இடுப்பும் கால் நரம்பும் கேட்கும். லேத் முன்னால் மரப்பலகை போடுங்கள், அதற்குச் செலவு அதிகமில்லை. வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் கூலண்ட் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் சரியாகச் சேராது. பொதுவான கடைசலுக்கு இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது சீக்கிரம் கெட்டு நாறும். நாற்றம் வந்தபின்னும் அதிலேயே கை நனைத்தால் தோலில் அரிப்பும் வெடிப்பும் வரும். தொட்டியைக் கழுவிப் புதிதாகக் கலக்குங்கள்.

ஆபத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லேத்தில் கைகள் போவது பெரும்பாலும் நாலைந்து பழக்கங்களால்தான். சக் சாவியை சக்கிலேயே விட்டு சுவிட்சைப் போடுவது முதலாவது. சாவி பறந்து வந்து நெஞ்சில் அடிக்கும். சக்கிலிருந்து கை எடுக்கும்போது சாவியும் கையோடு வர வேண்டும். அடுத்து, கையுறை போட்டுக்கொண்டு கடைவது. வெளியில் கையுறை பாதுகாப்பு, சுற்றுகிற ஷாஃப்டுக்குப் பக்கத்தில் அதுவே எமன். நூல் ஒன்று சிக்கினால் கை முழுவதையும் இழுக்கும். வேட்டி, கைலி, முழுக்கைச் சட்டை, கோயிலில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கயிற்றைக் கழற்ற மனம் வரவில்லை என்றால் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், சாமி கோபிக்காது. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு ஓடுகிற ஷாஃப்டைத் தேய்ப்பது விரலை ஒடிக்கும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுப்பது நரம்பை அறுக்கும், அதற்குக் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல், டூல் தீட்டும் கிரைண்டரில் நிற்கவே கூடாது. டூல் வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிக்குள் இருக்கட்டும், அதற்குமேல் போனால் டூல் உள்ளே சிக்கிக் கல் உடையும்.

இன்றைக்கு யாரும் கை லேத் படிக்க வேண்டாம், எல்லாம் சி.என்.சி., அதாவது கணினி கட்டுப்படுத்தும் மெஷின் ஆகிவிட்டது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற நம் பிள்ளைகள் பலர் சி.என்.சி. ஆபரேட்டராகச் சேருகிறார்கள். ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை மாட்டுவது, பச்சைப் பொத்தானை அழுத்துவது, கழற்றுவது. ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் இதையே செய்து ஐந்து வருடம் கழிந்தபின், அவர்களுக்குத் தெரிந்தது அந்தப் பொத்தான்தான். ஒப்பந்தம் முடிந்தால் வெளியே. அதே மெஷினை வேலைக்குத் தயார்செய்து சரிபார்க்கும் செட்டராக இருப்பவர் நிலை வேறு. டூல் நுனியில் பொருத்தும் இன்சர்ட் தேயத் தேய விட்டம் கூடிக்கொண்டே வருவதைக் கவனித்து, 0.03 கூடியிருந்தால் விட்டத்தைத் திருத்தும் எக்ஸ் ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 கொடுத்து, எல்லையைத் தாண்டுமுன் சரிசெய்வார். சில கண்ட்ரோல்களில் எக்ஸ் 50 என்று புள்ளியில்லாமல் அடித்தால் 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். டூல் நேராக ஜாப்பின் மையத்தை நோக்கிப் பாயும். புது புரோகிராமை ஒவ்வொரு வரியாக நின்று நின்று ஓடும் சிங்கிள் பிளாக்கில் வைத்து, வேகத்தை 25 சதவீதத்துக்குக் குறைத்து, விரலை ஸ்டாப் பொத்தான் பக்கத்தில் வைத்துத்தான் அவர் முதல்முறை ஓட்டுவார். டூல் வெட்டுகிற சத்தத்திலேயே எது சரியில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் காது கை லேத்தில் வளர்வது.

ஆகவே வழி இது: இரண்டு வருடம் ஐ.டி.ஐ., பிறகு அப்ரண்டிஸ். திருச்சியில் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். அங்கேயே நிரந்தர வேலை என்ற எண்ணத்தோடு போக வேண்டாம், இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டால் ஊரிலேயே நல்ல ரிப்பேர் பட்டறையில் மூன்று வருடம் நிற்கட்டும். அதன்பின் சி.என்.சி. கற்றுக்கொண்டு வெளியூர் போனால் செட்டர் வேலையைத் தைரியமாகக் கேட்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். பளு தூக்க செயின் பிளாக் இருக்கிறது, அளவு பார்ப்பதற்குப் பொறுமைதான் வேண்டும்.

பட்டறையில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பெட்டியில் துடைத்து வைத்திருக்கிறதா, சுத்தியலோடு சேர்ந்து கிடக்கிறதா? பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா? சிவப்பு ஸ்டாப் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? அங்கே வேலை செய்பவர்களின் விரல்களைப் பாருங்கள். முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை மாதத்தில் பிள்ளை கையில் அளவு பார்க்கக் கொடுப்பீர்கள்?" இரண்டு வருடம் கூட்டிப் பெருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தால், அடுத்த பட்டறைக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.