பொலிஸ் சான்றிதழ் இருந்தால் போதுமா? சபையில் சிறுவர் பணிக்கு ஆள் எடுப்பது பற்றிய ஒரு கேள்வி

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஓர் இளைஞர், அவர்களுடைய ஞாயிறு பாடசாலையில் கற்பிக்க முன்வந்திருக்கிறார். அவரிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்கலாம் என்று போதகர் சொன்னபோது, ஊழியத்துக்கு மனமுவந்து வருபவரைச் சந்தேகிப்பது அவமதிப்பு என்று மூப்பர்கள் சிலர் தடுத்திருக்கிறார்கள். கேட்பது சரியா, சான்றிதழ் சுத்தமாக வந்தால் அத்துடன் போதுமா என்பவை சகோதரியின் இரண்டு கேள்விகள்.

கேட்பது சரி. உதவிக்காரர்கள் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் சொல்கிறது; ஒருவரைச் சோதித்துப் பொறுப்புக் கொடுப்பது சபையின் ஆதி ஒழுங்கு. அவமதிப்பு எப்போது உண்டாகிறது என்றால், வெளியூரிலிருந்து வந்த தம்பியிடம் மட்டும் கேட்டுவிட்டு, மூப்பரின் மகனிடமும் போதகரின் மைத்துனரிடமும் கேட்காமல் விடும்போதுதான். சிறுவர்களோடு பழகும் எவரும், பாடகர் குழுவைப் பயிற்றுவிப்பவரும் வான் ஓட்டுபவரும் உட்பட, ஒரே படிவத்தை நிரப்பி ஒரே சான்றுகளைத் தர வேண்டும் என்று சபைக் குழு எழுத்தில் தீர்மானித்துவிட்டால், அதில் யாருக்கும் மனத்தாங்கல் வர இடமில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுக்க விரும்புகிறேன். சான்றிதழ் மட்டும் போதாது. 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சோஹாம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். குற்றவாளி அங்குள்ள ஒரு பாடசாலையின் பராமரிப்பாளர். அவர் முன்பு வாழ்ந்த பகுதியில் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பல முறை பொலிஸாரிடம் சென்றிருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றிலும் அவர் தண்டிக்கப்படவில்லை, அந்தத் தகவல்களும் அவரை வேலைக்கு எடுத்த பாடசாலையை எட்டவில்லை. அதை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணையின் அறிக்கை 2004இல் வெளிவந்த பின்னரே, ஒருவரின் கடந்த காலத்தைப் பல வழிகளில் விசாரித்து வேலைக்கு எடுக்கும், பாதுகாப்பான ஆட்சேர்ப்பு என்று இன்று சொல்லப்படும் முறை அந்நாட்டில் உறுதியாக வேரூன்றியது. தண்டனை பெற்றவரா என்று மட்டும் பார்த்தால், அப்படிப்பட்ட ஒருவர் சுத்தமானவராகவே தெரிவார். சிறுவர்களுக்கு எதிரான குற்றங்களில் பெரும்பாலானவை பொலிஸ் வரை போவதே இல்லை என்பதையும், குடும்ப மானம் கருதி நம் மக்கள் எவ்வளவு மறைக்கிறோம் என்பதையும் நாம் அறிவோம்.

கிராம சேவகரின் நற்சான்றிதழும் இப்படித்தான். ஊரில் அவர் மூன்று தலைமுறையை அறிந்தவராக இருக்கலாம். கொழும்பில் வாடகை அறையில் இருப்பவரின் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்கமாட்டார்.

ஆகவே உண்மையான வேலை அவர் முன்பிருந்த சபையோடு பேசுவதுதான். அவர் கையில் கொண்டுவரும் சிபாரிசுக் கடிதத்தை வாங்கி வையுங்கள், ஆனால் அந்தப் போதகரின் இலக்கத்தை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். இவர் சிறுவர்களோடு எவ்வளவு காலம் பணி செய்தார், ஏன் விலகினார், திரும்பி வந்தால் அதே பொறுப்பை மறுபடியும் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். "நல்ல பிள்ளை, ஜெபிக்கிற பிள்ளை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். முன்பு சபையைத் துன்புறுத்திய சவுலுக்கு எருசலேமில் சீஷர்கள் பயந்தபோது, அவருக்காகப் பரிந்து பேசிய பர்னபா அவரைப் பொதுவாகப் புகழவில்லை. வழியில் நடந்ததையும் தமஸ்குவில் அவர் துணிந்து பிரசங்கித்ததையும் விவரமாகச் சொன்னார். நமக்கும் அப்படிப்பட்ட விவரம் வேண்டும். வேலை வரலாற்றில் இடைவெளி இருந்தால் அதையும் அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். நோயோ வெளிநாட்டுப் பயணமோ காரணமாக இருக்கலாம்.

பொறுப்பைக் கொடுத்த பிறகும், முதல் ஆறு மாதமாவது அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக அவர் இருக்கட்டும். எந்த வகுப்பிலும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். பிள்ளையைத் தனியாக முச்சக்கர வண்டியில் ஏற்றிச் செல்வதும், பெற்றோர் அறியாமல் வாட்ஸ்அப்பில் பேசுவதும் போதகர் உட்பட எவருக்கும் அனுமதிக்கப்படக் கூடாது. என் பார்வையில் எந்தச் சான்றிதழையும்விட இந்த ஒழுங்குதான் பிள்ளைகளை அதிகம் காக்கிறது, ஏனென்றால் சான்றிதழ் அவருடைய கடந்த காலத்தைப் பற்றியது, இந்த ஒழுங்கு ஒவ்வொரு ஞாயிறும் நடப்பது.

சேகரித்த படிவங்களைப் பூட்டி வையுங்கள். சபை அலுவலக மேசையில் கிடக்க விடாதீர்கள், குழுவில் இருவருக்கு மேல் அவற்றை வாசிக்கத் தேவையில்லை.

இந்த விசாரிப்பின்போது ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரியவந்தால், சபைக்குள் பேசித் தீர்க்க முயல வேண்டாம், அந்த நபரை வேறு சபைக்கு மெதுவாக அனுப்பிவிடவும் வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே முறையிடலாம், பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவுக்கும் நேரடியாகச் செல்லலாம்.