தன்னைக் கடக்க வைப்பது கலையே

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'மனிதனைத் தன்னைக் கடக்க வைப்பது பெரிதும் சமயமா, தத்துவமா, கலையா?' இன்றைய தலைப்பு இது. நான் கலை அணி. எனக்கு முன்னால் பேசிய சமய அணி ஐயா, "எல்லாம் கடந்து நிற்பவன் இறைவன். அவனை நம்பாமல் எதைக் கடப்பீர்கள்? உங்கள் சிலையும் பாட்டும் எங்கள் கோயிலில் பிறந்தவைதானே?" என்று கேட்டார். தத்துவ அணி அம்மா, "கலை தருவது அரை மணி நேர மயக்கம். வாசலில் செருப்பைத் தேடும்போதே அது கலைந்துவிடும். அறிவு தரும் தெளிவுதான் நிலைக்கும்" என்றார். இரண்டும் நல்ல கேள்விகள். பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

முதலில் அம்மாவுக்கு. அவருடைய அணிக்கே சொந்தமான ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். தாமஸ் அக்குவைனாஸ், 13-ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி. கேள்வி, மறுப்பு, விடை என்று வாதத்தின் மேல் வாதமாக அடுக்கி, கடவுளைப் பற்றி அறிவு எவ்வளவு தூரம் பேச முடியுமோ அவ்வளவு தூரம் பேசியவர். 1273 டிசம்பர் 6 அன்று, நேப்பிள்ஸ் நகரில் திருப்பலி நிறைவேற்றும்போது அவருக்கு ஏதோ நேர்ந்தது. அத்தோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உடனிருந்த துறவி, எழுதுங்கள் என்று வற்புறுத்தியபோது, "நான் கண்டதற்கு முன்னால் இதுவரை எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது" என்று சொன்னதாக அவர் வரலாற்றில் வருகிறது. அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அவருடைய பெருநூல் இன்றும் முடிவுறாத நூல்தான்.

அதே மனிதர் பாட்டும் எழுதினார். நற்கருணை விழாவுக்காக அவர் இயற்றியதாகத் திருச்சபை மரபு சொல்லும் லத்தீன் பாடலின் கடைசிப் பகுதியை, 'மாண்புயர் இவ்வருட் சாதனத்தை' என்று நம் ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயங்களில் தமிழில் பாடுகிறார்கள். சாம்பிராணிப் புகை எழும்பும், மணி ஒலிக்கும், கூட்டம் முழுதும் முழங்காலில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அக்குவைனாஸ் என்ற பெயரே தெரிந்திருக்காது. அவர் வாதங்களில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது. ஆனால் பாட்டு தெரியும், கண்ணில் நீர் வரும். வைக்கோல் என்று அவர் சொன்னதில் இந்தப் பாட்டும் சேர்த்திதானே என்று அம்மா கேட்கலாம். இருக்கலாம், அவர் தள்ளியிருக்கலாம். ஏறத்தாழ 750 ஆண்டுகளாக மக்கள் அதைக் கீழே வைக்கவில்லையே!

சரி, அந்த 'அரை மணி நேரம்' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அப்பால் உள்ள 'ஒன்று' பற்றி மேற்கில் மிக ஆழமாகச் சிந்தித்த தத்துவ ஞானி புளோட்டினஸ். அவருடைய மாணவர் போர்ஃபிரி குருவின் வரலாற்றை எழுதும்போது ஒரு கணக்குத் தருகிறார். தான் உடனிருந்த காலத்தில் குரு அந்த 'ஒன்றோடு' கலந்த நிலையை அடைந்தது நான்கு முறை. ஆண்டுக்கணக்கான தவ வாழ்க்கையில் நான்கே முறை! ஆக, வருவதும் போவதும் கலையின் குறை அல்ல, அந்த அனுபவத்தின் இயல்பே அதுதான். தத்துவ ஞானிக்கு வந்தாலும் அது தங்கவில்லை.

கலையில் அப்படி என்னதான் நடக்கிறது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் காஷ்மீரத்தில் இருந்த சைவத் தத்துவ ஞானி அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரை எழுதும்போது இதை விளக்கினார். வாழ்க்கையில் துக்கம் என்னுடையது என்றால் துடிக்கிறேன். எதிரியுடையது என்றால் உள்ளூர மகிழ்கிறேன். யாரோ ஒருவருடையது என்றால் நகர்ந்துவிடுகிறேன். கூத்து மேடையில் ஒருத்தி தலைவிரி கோலமாக அழும்போது அது இந்த மூன்றும் இல்லை. எனது, உனது என்ற பட்டா கழன்றுவிடுகிறது. சோகம் மட்டும் நிற்கிறது, பார்க்கிற 'நான்' காணாமல் போகிறது. இந்தச் சுவையை அவர் பிரம்மானந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார். விடிய விடியக் கூத்துப் பார்க்கும் ஊரில் பள்ளிக்கூடம் பார்க்காதவருக்கும் இது வாய்க்கிறது. அதனால்தான் நான் இந்த அணியில் நிற்கிறேன்.

இப்போது சமய அணி ஐயாவுக்கு. நடராஜர் உங்கள் கோயிலில் பிறந்தவர், மறுக்கவில்லை. அவர் எப்படிப் பிறக்கிறார் என்று சுவாமிமலைப் பட்டறையில் போய்ப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து எடுத்த அளவில், மெழுகில் விரலும் முகமும் தூக்கிய பாதமும் உருவாகின்றன. அதன்மேல் காவிரி வண்டல் பூச்சு. காய்ந்ததும் இன்னும் மண் ஏற்றி, கம்பி கட்டி, நெருப்பில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். உருக்கிய உலோகம் அந்த வெற்றிடத்துக்குள்தான் இறங்குகிறது. ஆறியதும் மண்ணை உடைக்கிறார்கள். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு, அச்சு அசலாக இன்னொன்று வராது. அப்புறம் உளியும் அரமும் வேலை செய்கின்றன.

அளவைச் சிற்ப சாத்திரம் சொல்லிவிடும். ஆனால் ஒரே அளவில் செய்த எத்தனையோ நடராஜர்களில் சிலர் முன்னால் மட்டும் நம் கால் நகர மறுக்கிறது. அந்த வித்தியாசம் ஸ்தபதியின் கையில் இருக்கிறது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். அவருக்கு அங்கே ஆறு காலப் பூசை கிடையாது, தீபாராதனை கிடையாது. பிரெஞ்சுச் சிற்பி ரோடான் அவரை நேரில் பார்க்கவில்லை. புகைப்படங்கள்தான் அவர் கைக்குப் போயின. அவற்றைப் பார்த்துப் பார்த்து, அந்த உடலில் ஓடும் உயிரையும் ஓட்டத்தையும் வியந்து அவர் எழுதியது 1921-இல், அவர் இறந்த பிறகு, அச்சாயிற்று. சைவம் அவர் சமயம் இல்லை, திருநீறு பூசியவரும் இல்லை. நம்பாமல் எதைக் கடப்பீர்கள் என்று கேட்டீர்களே ஐயா, ரோடானைக் கடக்க வைத்தது எது?

நம்பிக்கையில் முதல் வரிசையில் நிற்கும் ஒருவரையே கேட்போம். திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த வெக்கையில் ஈசன் திருவடி நிழல் எப்படி இருந்தது என்று அவர் பாடினார். குற்றமில்லாத வீணை, மாலை நிலா, வீசுகிற தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. நான்கு இயற்கையாயிற்றே என்பீர்கள். ஆமாம், ஐந்தும் காதாலும் கண்ணாலும் மேனியாலும் உணர்பவை, வாதம் ஒன்றுகூட இல்லை. அவர் பாடியதால்தான் அந்தக் குளிர்ச்சி நம்வரைக்கும் வந்தது. அடுத்துப் பேச வரும் சமய அணி நண்பரிடம் நான் கேட்பது இதுதான்: இறைவன் அடியைச் சொல்ல வந்த அப்பருக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் வீணை ஏன் நினைவுக்கு வந்தது?

நடுவர் அவர்களே, நன்றி. வணக்கம்.