அடுக்குமாடி ஹாலுக்கு எந்த சப்வூஃபர்?

[திரையில்: சென்னை அடுக்குமாடி ஒன்றின் ஹால். டிவிக்கு அருகே கறுப்புப் பெட்டி ஒன்று.]

வணக்கம். தாழ்ந்த பேஸ் ஒலிகளுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது அதன் கூம்பு எத்தனை அங்குலம், எத்தனை வாட்ஸ் என்பதைத்தான். தனி வீட்டுக்கு அந்த விசாரணை ஓரளவு போதும். அடுக்குமாடியிலோ, நமக்குத் தரையாக இருக்கும் கான்கிரீட் தளமே கீழ்வீட்டாருக்குக் கூரை என்பதால், சோபாவில் அமர்ந்திருப்பவருக்கு வேண்டிய பேஸைக் கட்டடத்தை முடிந்த மட்டும் குறைவாக அசைத்துப் பெறுவது எப்படி என்று யோசித்தே பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பேச்சுக் குரலைச் சுவரும் தளமும் பெரும்பாலும் தடுத்துவிடும். பேஸ் வகையைச் சேர்ந்த 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ எட்டரை மீட்டர், அவ்வளவு நீண்ட அலையை அவை எளிதில் தடுப்பதில்லை. சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல நுரைப் பலகை ஹாலின் எதிரொலியைக் குறைக்குமே தவிர, இந்த ஒலியை நிறுத்தாது. பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர் அல்லது ஃபோம் பேட், அதிர்வு நேரடியாக டைல்ஸுக்கு இறங்குவதைக் குறைக்கும். ஷோகேஸ் கண்ணாடி கிடுகிடுப்பதும் அடங்கலாம். காற்றின் வழியே போய்த் தளத்தை அசைக்கும் ஒலியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

[திரையில்: கைப்பேசி ஆப், 45 என்று காட்டும் முள்.]

கைப்பேசி ஆப்பில் அளந்து பார்த்து "விதிக்குள்தான் இருக்கிறோம்" என்று நிம்மதி அடைவதும் சரியாகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த அளவு, காதின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளுக்குக் குறைந்த மதிப்புக் கொடுக்கும் 'ஏ' முறையில் எடுக்கப்படுவது. 50 ஹெர்ட்ஸில் அந்த முறை சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. ஆகவே 75 டெசிபல் வலிமையுள்ள 50 ஹெர்ட்ஸ் முழக்கம் மீட்டரில் 45 என்றே தெரியும். கீழ்வீட்டில் படுத்திருப்பவருக்கு இந்தக் கழித்தல் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

இப்போது பெட்டிக்கு வருவோம். சப்வூஃபரில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு: முழுவதும் மூடிய சீல்டு, காற்றுத் துளையுள்ள போர்ட்டட். போர்ட்டட் வகை, துளை ட்யூன் செய்யப்பட்ட அலைவரிசையை ஒட்டி அதிக ஒலி தரும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபல் என்ற செங்குத்தான சரிவில் விழும். சீல்டு வகை 12 டெசிபல் என்ற மென்மையான சரிவில் இறங்கும், பெட்டியும் சிறியது. ஒரே அளவு ஒலியில் வைத்தால் இரண்டும் ஒரே அளவுதான் கசியும். சீல்டு என்பதற்காகச் சுவர் சலுகை காட்டாது. ஆனாலும் அடுக்குமாடிக்கு நான் சீல்டையே சொல்வேன். ஏனெனில் போர்ட்டட் பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் வாங்குவது, பக்கத்து வீடுகளை நினைத்து நாம் ஒருநாளும் பயன்படுத்த முடியாத சக்தி. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் துளைக்குள் பேட்டரியும் பொம்மைக் காரும் போய்ச் சேரும் என்பது கொசுறுக் காரணம்.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான ஹால்களுக்கு 10 அங்குலம் போதும். ஹாலும் டைனிங்கும் சுவரின்றி ஒன்றாகத் திறந்திருந்தால் 12. வாட்ஸில், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். எஸ்.வி.எஸ். நிறுவனத்தின் எஸ்பி-1000 ப்ரோ என்ற 12 அங்குல சீல்டு மாடலுக்கு ஆர்.எம்.எஸ். 325, நொடிப்பொழுது உச்சமான பீக் 820. இரண்டும் ஒரே ஆம்ப்ளிஃபையரைப் பற்றிய எண்கள்தாம். வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே.

[திரையில்: ஹாலின் தரைப்படம், சுவர்களுக்கிடையே அலைகள்.]

அங்குலத்தை விட வைக்கும் இடமே முடிவைத் தீர்மானிக்கிறது. 18 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி நின்று முழங்கும் அலைவரிசைகள் நீளத்தில் ஏறத்தாழ 31, அகலத்தில் 51, உயரத்தில் 56 ஹெர்ட்ஸ். கடைசி இரண்டும் நெருங்கி நிற்பதால், 50-ஐ ஒட்டிய ஒலி எல்லாம் ஒரே 'டம்' என்று வீங்கிக் கேட்கும். மூலையில் பெட்டியை வைத்தால் இந்த மூன்று முழக்கங்களும் முழு வீச்சில் கிளம்பும்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. ஆகவே சப்வூஃபர் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சோபாவை ஒட்டி, உட்காருபவரிடமிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்கலாம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கிடைக்காது என்றாலும், அருகில் இருப்பதால் வால்யூமைக் கணிசமாகக் குறைத்தும் அதே அழுத்தத்தை உணரலாம், கட்டடத்துக்குப் போகும் பங்கும் அந்த அளவுக்குக் குறையும். அடுக்குமாடிவாசிக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி எனக்குத் தெரியவில்லை. செலவு, ஸ்கர்ட்டிங் ஓரமாக ஓட வேண்டிய நீளமான கேபிள் ஒன்றுதான்.

சோபா அருகே இடமில்லாதவர்கள், பெட்டியைத் தூக்கி உட்காரும் இடத்திலேயே வைத்து ஒரு பேஸ் வரியை ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தரையோடு தவழ்ந்து, எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும், அவற்றிலிருந்து பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையான க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்து, பெட்டியின் பின்புறக் க்ராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையேல் இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யும். அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் வசதி ஆப்பில் உள்ள மாடலாக வாங்கினால், மேலே சொன்ன 50 ஹெர்ட்ஸ் வீக்கத்தை மட்டும் தனியே அமுக்கலாம். கூடுதல் இரண்டு அங்குலத்துக்குத் தரும் பணத்தை இந்த வசதிக்குத் தருவதே மேல். இரவில், திடீர் உரத்த ஒலிகளை அடக்கும் ரிசீவரின் நைட் மோடைப் போடுங்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களின் உயர்ரக மாடல்கள் சிலவற்றில், பக்கத்து வீட்டுக்குப் போகும் பேஸைக் குறைப்பதற்கென்றே ஆடிசி நிறுவனத்தின் எல்.எஃப்.சி. என்ற அமைப்பும் இருக்கிறது.

[திரையில்: மாடிப்படி, கீழ்வீட்டுக் கதவு.]

எல்லாம் பொருத்திய பிறகு, வழக்கமான வால்யூமில் ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டு, கீழ்வீட்டாரிடம் அனுமதி கேட்டு அவர்கள் படுக்கையறையில் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். முழக்கம் தெரிந்தால் சப்வூஃபர் அளவை முதலில் 3 டெசிபல் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெட்டியை அந்தப் படுக்கையறைப் பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, மறுபடியும் கீழே போய்க் கேளுங்கள்.