ஓவியம் சிகாகோல, கூட்டம் எல்டன்ல! 800 பேர் கூட இல்லாத ஊர்ல ஒரு விசிட்டர் சென்டர் எப்படி ஓடுது?

(ஸ்க்ரீன்ல: வெள்ளை மர வீடு, கூரான ஒரு ஜன்னல். முன்னாடி யாரும் இல்ல.)

வணக்கம் மக்களே. இந்த வீட்ட எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இந்த வீட்டுக்கு முன்னாடி ஒரு வழுக்கைத் தலை தாத்தா கையில மூணு பல்லு வச்ச வைக்கோல் கவை, பக்கத்துல முகத்த இறுக்கமா வச்சுக்கிட்டு ஒரு அம்மா, இப்ப ஞாபகம் வருதா? ஆமா, அமெரிக்கன் கோதிக்ங்கற ஓவியம். கார்ட்டூன், விளம்பரம், மீம், டி-ஷர்ட்னு இந்த ஜோடிய போட்டுக் கலாய்க்காத எடமே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த ஓவியம் இருக்கறது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்ல. ஆனா அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, ஐயோவா மாநிலத்துல, எல்டன்னு ஒரு குட்டி ஊர், 2020 சென்சஸ் படி 800 பேர் கூட கிடையாது, அந்த ஊர்ல இந்த ஓவியத்துக்குன்னே ஒரு விசிட்டர் சென்டர் 2007ல இருந்து ஓடிட்டு இருக்கு. ஓவியமே இல்லாத ஊர்ல ஓவியத்துக்கு சென்டர், அதுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல ஆளுங்க வேற. எதப் பார்க்க வர்றாங்க? அந்த சென்டர் அவங்களுக்கு என்ன தருது? இது தான் இன்னைக்கு வீடியோ. எனக்கு ரொம்ப பிடிச்ச சப்ஜெக்ட், ஸ்கிப் பண்ணாம பாருங்க.

வரலாற வேகமா ஓட்டிடறேன். 1881-82ல சார்லஸ் டிபிள்ங்கிறவர் கட்டின சின்ன மர வீடு இது. கொஞ்ச வருஷத்துல வரி பாக்கில கைய விட்டுப் போச்சு, அப்புறம் கை மாறி கை மாறி 1917ல ஜோன்ஸ் குடும்பத்துக்கு வந்துச்சு. 1930 ஆகஸ்ட்ல கிராண்ட் வுட்னு ஒரு ஓவியர் எல்டனுக்கு வரார், உள்ளூர் பையன் ஜான் ஷார்ப், அவரும் ஓவியர் தான், கார்ல ஊரச் சுத்திக் காட்டறார். அப்ப இந்த வீடு கண்ணுல படுது. அவ்ளோ சின்ன வீடு, அதுல சர்ச்ல இருக்கற மாதிரி கூரான கோதிக் ஜன்னல்! இந்த சைஸ் வீட்டுக்கு இந்த ஜன்னலான்னு தான் அவருக்கே தோணிருக்கு. ஒரு கவரோட பின்பக்கம் அப்பவே கிறுக்கி வச்சுக்கிட்டார்னு சொல்லுவாங்க. மறுநாள் வீட்டுக்காரங்ககிட்ட பர்மிஷன் கேட்டு முற்றத்துல நின்னு ஆயில்ல ஒரு ஸ்கெட்ச் போட்டார். அவ்ளோ தான். அந்த வீட்டுக்கும் அவருக்கும் இருந்த மொத்தத் தொடர்பும் அந்த ரெண்டு நாள் தான்னு சொல்லலாம்.

அந்த ரெண்டு பேர் யாருன்னு கேட்பீங்க. இங்க தான் எல்லாருக்கும் ஷாக். அவங்க விவசாயியும் இல்ல, புருஷன் பொண்டாட்டியும் இல்ல! அந்தம்மா வுட்டோட தங்கச்சி நேன். தாத்தா வுட்டோட பல் டாக்டர் பைரன் மெக்கீபி, வயசு அறுபதத் தாண்டியாச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கவே இல்ல, தனித்தனியா போஸ் கொடுத்தாங்க, அதுவும் எல்டன்ல இல்ல, 150 கிலோமீட்டர் தள்ளி சீடர் ரேப்பிட்ஸ்ல. நேன் கடைசி வரைக்கும் அது அப்பாவும் பொண்ணும்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க, தன் வயசுல ரெண்டு மடங்கு இருக்கறவருக்குப் பொண்டாட்டின்னு ஊரே பேசினா யாருக்குத்தான் கோவம் வராது?

ஓவியம் அதே வருஷம் சிகாகோ கண்காட்சிக்குப் போச்சு, ஒரு ஜட்ஜ் இத கிண்டல் வாழ்த்து அட்டை ரேஞ்சுக்குத் தள்ளிவிட்டுட்டார், அப்புறம் மியூசியத்துக்கு வேண்டப்பட்ட ஒருத்தர் பேசிப் புரிய வச்சதுல வெண்கல மெடலும் 300 டாலரும் கிடைச்சது, மியூசியமே வாங்கிடுச்சு. ஐயோவாக்காரங்க பேப்பர்ல பார்த்துட்டு எங்கள கேலி பண்றியான்னு குதிச்சாங்க. அப்புறம் நாட்டுப் பொருளாதாரமே படுத்து கஷ்ட காலம் முத்த முத்த, அதே முகத்துல கஷ்டத்துக்கு அசராத உறுதி தெரியுதுன்னு அதே நாடு கொண்டாட ஆரம்பிச்சிடுச்சு. வரலாறு அவ்ளோ தான். வாங்க எல்டனுக்கு.

(ஸ்க்ரீன்ல: தெருப் பலகை, அமெரிக்கன் கோதிக் ஸ்ட்ரீட்.)

இப்ப நீங்க இந்த ஊர்க்காரங்க இடத்துல உங்கள வச்சுப் பாருங்க. ரயில்வேய நம்பி வளர்ந்த ஊர், ஜனத்தொகை குறைஞ்சுட்டே போகுது. உலகப் புகழ் ஓவியத்துல உங்க ஊர் வீடு இருக்கு, ஆனா ஓவியம் உங்ககிட்ட இல்ல, வரவும் வராது. வீடோ சின்னது, பத்து பேர் உள்ள போனா நிக்க எடம் கிடையாது. வீடும் ஊரோடது இல்ல, 1991ல இருந்து ஐயோவா மாநில வரலாற்றுச் சங்கத்தோடது. வண்டிய நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து, அஞ்சு நிமிஷத்துல கிளம்பிப் போற டூரிஸ்ட்ட வச்சு என்ன பண்ணுவீங்க?

நானா இருந்தா ஓவியத்த பெருசா பிரிண்ட் போட்டு மாட்டி, நாலு போர்டு எழுதி வச்சிருப்பேன். எல்டன் பண்ணது என்ன தெரியுமா? துணி அலமாரி வச்சாங்க!

இத நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லணும், ஏன்னா இந்த சென்டரோட மொத்த மூளையும் அந்த அலமாரில தான் இருக்கு. நீங்க உள்ள போனா கறுப்பு கோட்டு, ஓவியத்துல அந்தம்மா போட்டிருக்கற மாதிரி ஏப்ரன், வட்டக் கண்ணாடி, கையில பிடிக்க கவை, எல்லாம் இரவலா தர்றாங்க. குழந்தைக்கு ஒரு சைஸ், பெரியவங்களுக்குப் பல சைஸ். மாட்டிக்கிட்டு வெளில போய் வீட்டு முன்னாடி நிக்க வேண்டியது தான், அங்க வேலை செய்யறவங்களே கூட வந்து உங்க போன வாங்கி போட்டோ எடுத்துக் கொடுப்பாங்க. பொருட்காட்சில முகத்த மட்டும் நுழைக்கிற மாதிரி ஓட்டை போட்ட கட்அவுட் வச்சிருப்பாங்க இல்ல, இது அதோட ராஜா! கட்அவுட்ல பின்னாடி இருக்கறது அட்டை, இங்க பின்னாடி இருக்கறது நிஜ வீடு, நிஜ ஜன்னல். மோனலிசாவுக்குப் பின்னாடி இருக்கற மலைய எங்க போய்த் தேடுவீங்க சொல்லுங்க? இங்க நீங்க நிக்கற எடமே ஓவியத்துக்குள்ள இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இத விட அழகா ஒரு ஓவியத்த ஜனங்களுக்குப் புரிய வைக்க முடியாது.

புரிய வைக்கன்னு ஏன் சொல்றேன்னா, அந்த போட்டோவ சரியா எடுக்கறது லேசு இல்ல. நீங்க வீட்ட ஒட்டி நின்னா ஜன்னல் தலைக்கு மேல எங்கயோ போயிடும். நல்லா முன்னாடி தள்ளி வந்து நிக்கணும், கேமராக்காரர் கொஞ்சம் கீழ இறங்கணும், ரெண்டு தலைக்கும் நடுவுல ஜன்னல் வந்து உக்காரணும். அப்படி எல்லாம் பண்ணினாலும் ஓவியத்துல இருக்கற மாதிரி அச்சு அசலா வராது, ஏன்னா வுட் முதல் ஸ்கெட்ச்லயே கூரைய இன்னும் செங்குத்தாக்கி ஜன்னல இழுத்து நீளமாக்கிட்டார். வீட்டு முன்னாடி நின்னு ரெண்டு தடவ போட்டோ எடுத்துப் பார்த்தா உங்களுக்கே புரியும், ஓ, இந்தாளு வீட்ட மெலிய வச்சிருக்கார்னு. எந்த போர்டும் சொல்லித் தர வேண்டாம்.

அடுத்து கவை. ஆரம்பத்துல வுட் யோசிச்சு வரைஞ்சது கவை இல்ல, ரேக், சருகு வாருவாங்களே அது. அப்புறம் தான் கவையா மாத்தினார். ஏன் மாத்தினார்னு ஓவியத்த உத்துப் பாருங்க. (ஸ்க்ரீன்ல: தாத்தாவோட நெஞ்சுப் பக்கம், ஜூம்.) அவரோட ஓவரால், அதான் தோள்பட்டை வச்ச வேலை டிரஸ், அதோட முன்பக்கத் தையல் தெரியுதா? அதே மூணு பல்லு கவை வடிவம்! இப்ப ஜன்னலப் பாருங்க, அதே மாதிரி மேல நோக்கிப் போற கோடுங்க. பார்த்தீங்களா, ஒரே உருவத்த படம் பூரா ஒளிச்சு வச்சிருக்கார் மனுஷன். அதனால கவைய கையில நேரா பிடிங்க, சாய்க்காதீங்க, சாய்ச்சா மொத்தமும் கெட்டுச்சு. அவர் நேரா பார்க்கணும், அந்தம்மா அவரப் பார்க்கவும் கூடாது, கேமராவப் பார்க்கவும் கூடாது, பக்கவாட்டுல எங்கயோ பார்க்கணும். முக்கியமா சிரிக்கக் கூடாது, இது தான் எல்லாருக்கும் கஷ்டம்.

ஏப்ரனுக்கு வரேன், இந்தக் கதைய விட மனசு வரல. ஏப்ரன் ஓரத்துல வளைஞ்சு வளைஞ்சு ஜிக்ஜாக் லேஸ் ஒண்ணு ஓடும். வுட் தங்கச்சிகிட்ட அந்த லேஸ் கண்டிப்பா வேணும்னு கேட்டிருக்கார், ஆனா 1930ல அது பேஷன் போய்ப் பழசான அயிட்டம், கடைல கிடைக்கவே இல்ல. நேன் என்ன பண்ணாங்க தெரியுமா, அம்மாவோட பழைய டிரஸ்ல இருந்து அந்த லேஸப் பிரிச்சு எடுத்து ஏப்ரன்ல தைச்சாங்க! கழுத்துல இருக்கற ப்ரூச்சும் அம்மாவோடது தான். பின்னாடி வராந்தாவுல ஒரு ஸ்நேக் பிளான்ட் இருக்கும் பாருங்க, அதே செடிய ஒரு வருஷம் முன்னாடி அம்மாவ வரைஞ்சப்ப அம்மா கையிலயே கொடுத்து வரைஞ்சிருக்கார். எல்லாரும் இந்தப் படத்த நக்கல்னு சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். இவ்ளோ தூரம் அம்மா வீட்டுச் சாமான வச்சு ஒருத்தன் நக்கல் பண்ணுவானா? உங்களுக்கு என்ன தோணுது, கமெண்ட்ல சண்டை போடலாம், நான் ரெடி.

சரி, நடத்தற கஷ்டத்துக்கு வருவோம். இப்படி ஒரு எடத்த நடத்தறதுல பாதி வேலை கலை சம்பந்தப்பட்டதே இல்ல. யோசிச்சுப் பாருங்க, நாள் பூரா யார் யாரோ போட்டுக் கழட்டற துணி, அதத் துவைக்கணும், பட்டன் தைக்கணும், கண்ணாடி வளைஞ்சா நிமித்தணும், குட்டிப் பசங்க கையில கவை இருக்கறப்ப ஒரு கண்ணு அங்கயே இருக்கணும். பஸ் வந்து இறங்கினா ஒரே நேரத்துல அத்தனை பேரும் கோட்டு கேட்பாங்க, பஸ் போயிட்டா ஈ காக்கா இருக்காது. சின்ன ஊர்ல இதுக்கெல்லாம் தனித்தனி டிபார்ட்மென்ட் வைக்க முடியுமா? கல்லா, கைடு, போட்டோகிராபர், டோபி எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆள் தான் பார்த்தாகணும். எனக்கு இந்த மாதிரி ஆளுங்க மேல மரியாதை ஜாஸ்தி, பெரிய மியூசியத்து க்யூரேட்டர விட இவங்க தான் ஒரு ஓவியத்த ஜனங்ககிட்ட கொண்டு போய்ச் சேர்க்கறாங்க.

இன்னொரு நல்ல முடிவு, சென்டர் வீட்டுப் பக்கத்துல தனி பில்டிங்கா இருக்கு. வீட்ட நேரா முன்னாடி இருந்து எடுத்தா சென்டர் உங்க போட்டோல விழாது. டாய்லெட், கடை, ஓவியத்தோட கதை, அத வச்சு உலகம் பூரா பண்ணின நையாண்டி எல்லாம் அந்த பில்டிங்குக்குள்ள. நையாண்டி விஷயத்துல நேனுக்கு ரெண்டு மனசு தான், அளவோட பண்றதச் சேர்த்து வச்சுக்குவாங்க, எல்லை மீறினா கோர்ட்டுக்கே போவாங்க, உடம்புல துணி இல்லாம தன் உருவத்த வரைஞ்சுட்டாங்கன்னு பத்திரிகைங்க மேல கேஸ் போட்டவங்க அவங்க.

வீட்டுக்குள்ள போக முடியுமான்னு கேட்டா, எல்லா நாளும் முடியாது. 2010ல இருந்து 2014 வரைக்கும் பெத் ஹோவர்ட்னு ஒரு எழுத்தாளர் இங்க வாடகைக்கே குடியிருந்தாங்க, மாச வாடகை 250 டாலர், கோடைல பைனு (pie) சொல்ற பேக்கரி அயிட்டம் சுட்டு வாசல்ல கடை போட்டு வித்தாங்க! நீங்க காபி குடிச்சுட்டு இருக்கறப்ப ஜன்னலுக்கு வெளில கவையோட ரெண்டு பேர் முறைச்சுட்டு நின்னா எப்படி இருக்கும், அது தான் அவங்க தினசரி வாழ்க்கை.

போற ஐடியா இருக்கறவங்களுக்கு: பக்கத்துல கொஞ்சம் பெரிய ஊர்னா ஒட்டம்வா. பஸ் ட்ரெயின நம்பாதீங்க, கார் வேணும். ஜூன்ல கோதிக் டேஸ்னு ஊர்த் திருவிழா நடக்கும், அப்ப போனா ஊரே கூடி இருக்கும். வீட்டுக்குள்ள எந்த நாள்ல விடுவாங்கன்னு முன்னாடியே சென்டர்ல கேட்டுக்கோங்க. டைம் இருந்தா சீடர் ரேப்பிட்ஸ்ல வுட்டோட ஸ்டுடியோவையும் சேர்த்துக்கோங்க, 5 டர்னர் ஆலி, ஒரு சவ அடக்கக் கம்பெனியோட வண்டிக் கொட்டாய்க்கு மேல இருந்த பரண் அது, அதுக்கு வுட் போட்ட கதவு என்ன தெரியுமா, சவப்பெட்டி மூடி! அதுல கடிகார முள்ளு மாதிரி ஒண்ணு வச்சு, ஆள் இருக்காரு, தூங்கறாரு, ஊர்ல இல்ல, பார்ட்டி நடக்குதுன்னு திருப்பி வைப்பாராம். இந்த ஸ்டுடியோவுக்குத் தனி வீடியோ போட்டே தீருவேன், வேணும்ங்கறவங்க கமெண்ட்ல ஒரு கவைய வரைஞ்சுட்டுப் போங்க, ஏற்கனவே எல்டன் போய் கோட்டு மாட்டி போட்டோ எடுத்தவங்க யாராவது இருந்தா அத அனுப்புங்க, ஜன்னல் சரியா நடுவுல வந்திருக்கான்னு எல்லாரும் சேர்ந்து பார்த்துடலாம்.