நான்காம் கால்பகுதியில் மாறும் விசில்: மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தும் நடுவரின் அளவுகோலும்

[காட்சி: சேலத்தில் ஒரு கல்லூரியின் சிமெண்ட் தளக் கூடைப்பந்து மைதானம். மாலை வெயில். பின்னணியில் சேர்வராயன் மலை.]

வணக்கம். இந்த மைதானத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். முதல் கால்பகுதியில், பந்தைத் தட்டிக்கொண்டு வந்த பெண்ணின் இடுப்பில் எதிரணி வீராங்கனை கையை வைத்து அழுத்தியபடியே கூட ஓடினார், விசில் வரவில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே நடந்தது. நான்காம் கால்பகுதியில் அதே கை, அதே இடுப்பு, விசில் வந்தது. கை வைத்த பெண்ணுக்கு அது ஐந்தாவது பவுல் (விதிமீறிய உடல் மோதலுக்கான குற்றம்) என்பதால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. கேப்டன் நடுவரிடம் போய், "சார், முதல்ல இருந்து இதை விட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டார். "அப்போ அப்படி, இப்போ இப்படிம்மா. போய் விளையாடு" என்பது பதில்.

அந்த நடுவர் கடைசியில் ஊதியது விதிப்படி சரி. பந்துடன் இருப்பவரின் மேல் கையை வைத்து அவர் போக்கைத் தடுப்பது பவுல்தான். தவறு எதுவென்றால், முப்பது நிமிடம் அதை அனுமதித்து, அனுமதி உண்டு என்று இரு அணிகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு பாடத்தை மாற்றியது. கண்டிப்பான நடுவரோடு விளையாடலாம், தாராளமான நடுவரோடும் விளையாடலாம். பாதி ஆட்டத்தில் ஒருவராகவும் மீதியில் வேறொருவராகவும் இருப்பவரோடு எப்படி விளையாடுவது?

[காட்சி: ஸ்கோர் ஷீட் நெருக்கத்தில். அணியின் பவுல்களுக்கான 1 முதல் 4 வரையிலான கட்டங்கள்.]

நம் ஊரில் பாரபட்சத்துக்குச் சான்றாக உடனே காட்டப்படுவது பவுல் எண்ணிக்கை. ஓர் அணிக்கு 19, மற்றதற்கு 9 என்றால், பார்வையாளர் வரிசையில் தீர்ப்பு எழுதியாகிவிடும். ஆனால் மைதானம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் அணிக்கு, பின்வாங்கி நின்று கூடையைக் காக்கும் அணியைவிடப் பவுல் கூடுதலாக விழுவது இயல்பு. எண்ணிக்கை சமமாக இருப்பதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பேன். கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரை, ஓர் அணிக்குப் பவுல்கள் கூடிவிட்டால் அடுத்த பவுல் மற்ற அணியின் மேல் விழும் வாய்ப்பு அதிகரிப்பதாகக் கண்டது. நடுவர் அறிந்து செய்வதாக இருக்க வேண்டியதில்லை. தராசை நேர்செய்யும் கை தானாகவே நகர்கிறது.

ஸ்கோர் ஷீட்டில் பார்க்க வேண்டியது வேறொன்று. ஒவ்வொரு கால்பகுதியிலும் அணியின் பவுல்களுக்கு நான்கு கட்டங்கள் உண்டு. அவை நிரம்பிய பிறகு தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு பவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. இரு அணிகளுக்கும் முதல் மூன்று கால்பகுதிகளில் ஒன்றிரண்டு கட்டங்களே அடிக்கப்பட்டு, நான்காவதில் மூன்றாம் நிமிடத்திலேயே நான்கும் நிரம்பியிருந்தால், ஆட்டம் மாறியதா, விசில் மாறியதா என்று கேட்க வேண்டும்.

இதே கேள்விதான் 2024 ஏப்ரலில் அமெரிக்க மகளிர் கல்லூரி அரையிறுதியில் பெரிதாக எழுந்தது. அயோவா 70, கனெக்டிகட் 69; மீதம் 3.9 விநாடி. பந்து கனெக்டிகட்டிடம் இருக்கும்போது, அந்த அணியின் ஆலியா எட்வர்ட்ஸ் நகர்ந்தபடி ஸ்கிரீன் போட்டார் (தோழிக்கு வழி கிடைக்க எதிரணித் தடுப்பாளரின் பாதையை உடலால் மறித்தார்) என்று பவுல் கொடுக்கப்பட, பந்து கைமாறியது. 71-69 என்று அயோவா வென்றது. ஸ்கிரீன் போடுபவர் மோதலின்போது அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அது பவுலா என்பதோடு விவாதம் நிற்கவில்லை. அதே மாதிரியான ஸ்கிரீன்கள் அதற்கு முந்தைய நிமிடங்களில் எப்படி நடத்தப்பட்டன என்பதிலும் சூடு பிடித்தது. என் பார்வையில் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

மகளிர் ஆட்டத்துக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. "பொண்ணுங்க ஆட்டம்தானே" என்ற எண்ணம் சில நடுவர்களிடம் இரண்டு விதமாக வேலை செய்கிறது: லேசாகத் தோள் உரசினாலே ஊதுவது, அல்லது ஆட்டத்தையே பொருட்படுத்தாமல் கூடைக்கடியில் நடக்கும் தள்ளுமுள்ளைக் கண்டும் காணாமல் விடுவது. அமெரிக்காவிலேயே தேசியக் கல்லூரிப் போட்டியின் மகளிர் பிரிவு நடுவர்களுக்கு ஆடவர் பிரிவுக்கு இணையான ஊதியம் 2022-இல்தான் வந்தது.

[காட்சி: மைதானத்தின் வரைபடம். இரண்டு நடுவர்களின் நிலைகள்.]

எண்ணத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. கல்லூரி அளவில் பெரும்பாலும் இரண்டே நடுவர்கள். ஒருவர் கடைக்கோட்டில், மற்றவர் பந்துக்குப் பின்னால். ஒருவர் பந்தைப் பார்க்கும்போது மற்றவர் பந்தில்லாத வீராங்கனைகளைப் பார்க்க வேண்டும். இருவருமே பந்தைத் துரத்தினால், பின்பக்கம் பிடித்து இழுக்கப்பட்ட பனியனை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காததை ஊதக் கூடாது. ஊகித்து ஊதும் விசிலில்தான் முரண்பாடுகள் பெருகுகின்றன.

ஏற்காட்டுக்கு ஏறினால் இன்னொரு சோதனை. மூடுபனி இறங்கும் நாளில் தளம் நனைந்து, பந்தைப் பிடித்த பெண் வழுக்கி விழுந்து ஓரடி சறுக்கிப் போகிறார். பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி நகர்ந்துவிட்டார் என்ற பொருளில் அனைவரும் "டிராவலிங்!" என்று கத்துகிறார்கள். அது டிராவலிங் அல்ல; பந்தோடு விழுந்து சறுக்குவதை விதி அனுமதிக்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே உருண்டாலோ எழ முயன்றாலோதான் அது மீறல். கூச்சலுக்கு ஒருமுறை ஊதிவிட்ட நடுவர், மறுமுனையில் அதே சறுக்கலுக்கும் ஊத வேண்டியதாகிறது. இல்லையென்றால் பாரபட்சம் என்ற பெயர் வருகிறது.

பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரம் நின்றிருக்கும்போது, மரியாதையோடு நடுவரிடம் விளக்கம் கேட்கக் கேப்டனுக்கு விதியிலேயே இடமுண்டு. நம் மாணவிகள் அதைப் பயன்படுத்துவது அரிது; எதிர்த்துப் பேசுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கம். உடற்கல்வி ஆசிரியைகள் பயிற்சியிலேயே இதைச் சொல்லித்தரலாம்: முதல் கால்பகுதி முடிந்ததும் போய், "சார், இடுப்பில் கை வைத்தால் ஊதுவீர்களா?" என்று கேளுங்கள். ஊதுவேன் என்றாலும் மாட்டேன் என்றாலும், மீதமிருக்கும் முப்பது நிமிடத்துக்கு அவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.